தங்கவயலும் இந்தியப் பெருங்கடலும்

பங்காருபேட்டை கடல் காணாத ஊர். போரிங்பேட்டை என்ற பெயருடன் அது இரயில் சந்திப்பாக இருந்த நாளிலிருந்தே, அருகிலுள்ள கோலார் தங்கவயலின் வாழ்வைக் கடலே தீர்மானித்து வந்தது.

1880-இல் இலண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்பதித்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் வெட்டியெடுத்த பொன், இரயிலில் பம்பாய் சென்று, கப்பலேறி இலண்டனை அடைந்தது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நம்பிக்கையின் மீது நின்றது: இந்தியப் பெருங்கடல் பிரிட்டனின் கையில் இருக்கும்.

1914-இல் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஒற்றை ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கியது. நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதனை வீழ்த்தும்வரை வணிகக் கப்பல்கள் அஞ்சி ஒதுங்கின. போரின் இறுதியாண்டான 1918-இல், பிரிட்டிஷ் சவரன்கள் பம்பாயிலேயே அச்சிடப்பட்டன. வெள்ளித் தட்டுப்பாடும் கடற்பயண ஆபத்தும் சேர்ந்து ஏற்படுத்திய மாற்றம் அது.

இரண்டாம் உலகப் போரில் அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. பர்மா அரிசி வரத்து நின்றது. தென்னிந்திய நகரங்களில் பங்கீட்டு முறை வந்தது. முன்னர் ஆபத்துக்குள்ளானது ஏற்றுமதியாகும் பொன். இப்போது உழைப்பவரின் சோறு.

வல்லரசுகள் கடலுக்காக மோதும்போது, விலை கொடுப்பவர் பெரும்பாலும் கடலையே பார்க்காதவர் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது, கடற்போட்டி மூடப்படவில்லை. தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் நிற்கிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீன நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. இந்தியாவின் எண்ணெயில் பெரும்பகுதி இன்றும் கப்பலில்தான் வருகிறது. ஆகவே கடற்பாதுகாப்பைப் போர்க்கப்பல்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. உள்நாட்டுச் சந்தையில் அரிசி, எண்ணெய் ஆகியவற்றின் விலை எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதும் அதன் அளவுகோலே.