நடக்கச் சொல்லும் அரசும் நடக்க விடாத தெருவும்

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகும் காலத்தில் வரவேற்போம்.

ஆனால் தோழர்களே, நடப்பதற்கு நமக்கொரு வரலாறு உண்டு. 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே சத்தியாகிரகம் தேவைப்பட்டது. பெரியார் சிறை சென்றார். அதே ஆண்டு, பொதுச்சாலையில் எச்சாதியார் நடப்பதையும் தடுக்கக் கூடாதென்று சென்னை சட்டமன்றம் தீர்மானித்தது. இரட்டைமலை சீனிவாசன் போன்ற நம் முன்னோர் அந்த அவைக்குள் நின்று பேசிய காலம் அது.

தீர்மானத்துக்குப் பிறகும், ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடந்ததற்கும் சைக்கிள் மிதித்ததற்கும் நம்மவர் அடிபட்டனர்.

உங்கள் மாவட்டத்து நடைபாதை எந்தத் தெருவழியே போகிறது, சேரியிலிருந்து யார் அங்கே தயங்காமல் நடக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கணக்கையும் அரசிடம் கேட்போம்.