தரகர் இல்லாமல் வீடு விற்றல் (தமிழ்நாடு)

தரகர் இல்லாமல் வீடு விற்றல் என்பது, வாங்குபவரைத் தேடுவது முதல் கிரயப் பத்திரம் பதிந்து கொடுப்பது வரை எல்லாவற்றையும் வீட்டு உரிமையாளரே தம் பொறுப்பில் நடத்தும் முறையாகும். தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி கிரயம் என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நடப்பது. அதில் தரகருக்கு இடமில்லை. தரகு பெரும்பாலும் விலையில் 1 முதல் 2 சதவீதம் வரை பேசப்படுகிறது. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய். இந்தத் தொகை மிச்சமாகும். தரகர் பார்த்துவந்த வேலை முழுவதும் உரிமையாளரிடம் வந்து சேரும்.

விற்பவரின் கடமைகள்

வாங்குபவர் சாதாரணமாகக் கண்டறிய முடியாத குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால், அதை விற்பவர் தாமே சொல்லிவிட வேண்டும் என்கிறது மேற்படி சட்டத்தின் 55ஆம் பிரிவு. உரிமைப் பத்திரங்களைப் பார்வைக்குத் தருவதும், அவை பற்றிய கேள்விகளுக்கு விடையளிப்பதும், கிரயத் தேதி வரையிலான வரிகளைக் கட்டித் தீர்ப்பதும் அவர் கடமையே. தரகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பொறுப்பு மாறாது.

ஆவணங்கள்

விளம்பரம் தருவதற்கு முன்பே ஆவணங்களைத் திரட்டி வைப்பது நல்லது. தாய்ப்பத்திரம், அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை அறுபடாமல் வரும் பத்திரத் தொடர்ச்சி, பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி மற்றும் மின் கட்டண ரசீதுகள் ஆகியவை அடிப்படையானவை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பெறலாம். வழக்கறிஞர்கள் பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம் கேட்பார்கள். அடுக்குமாடி வீடு என்றால், நிலத்தில் உள்ள பிரிபடாத பாகத்தின் அளவு பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கடன் முடிந்திருந்தால், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதும் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறியிருக்க வேண்டும். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் வங்கிகள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 1-12-2023 முதல் நடப்பில் உள்ளது.

அதிகம் சிக்கல் தருவது வாரிசுரிமை. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பிறப்புரிமை மகளுக்கும் உண்டு. கல்யாணமாகிப் போன சகோதரியின் கையெழுத்து இல்லாமல் பேசி முடித்த கிரயங்கள் பின்னாளில் நீதிமன்றப் படியேறுவது இதனால்தான்.

விலையும் விளம்பரமும்

அரசின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கான அடிப்படை மட்டுமே. சந்தை விலை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதே தெருவில் அண்மையில் நடந்த கிரயங்களை விசாரிப்பதும், வங்கிகள் ஏற்கும் மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குவதும் விலையை முடிவுசெய்ய உதவும். ‘தரகர்கள் வேண்டாம்’ என்ற குறிப்போடு நாளிதழ்களில் வரும் வரி விளம்பரம் பழைய வழி. 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்கள் புதிய வழி. பார்க்க வருபவர்களிடம் ஆவண நகல்களைக் காட்டலாம். மூலப்பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது.

ஒப்பந்தமும் முன்பணமும்

விலை படிந்ததும் கிரய ஒப்பந்தம் எழுதப்படும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதையும் பதிவு செய்வது கட்டாயம். மொத்த விலை, முன்பணம், மீதியைச் செலுத்தும் கெடு, கெடு தவறினால் என்ன செய்வது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம் விற்பவர் மீதே விழும்.

பதிவு

100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள எந்த அசையாச் சொத்தின் கிரயமும் பதிவானால்தான் செல்லும். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுப்பது விற்பனையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. பத்திரத்தை உரிமம் பெற்ற பத்திர எழுத்தரோ வழக்கறிஞரோ எழுதித் தருவார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 முதல் 2 சதவீதம். வேறு பேச்சு இல்லாவிட்டால் முத்திரைத் தீர்வை வாங்குபவர் செலவு. சார்பதிவாளர் முன்பு இரண்டு சாட்சிகளோடு, புகைப்படமும் கைரேகையும் பதிந்து கிரயம் நிறைவேறும். ஆடியிலும் மார்கழியிலும் பலர் பத்திரம் பதிவதில்லை; முகூர்த்த நாட்களில் கூட்டம் மிகுவதால் பதிவுத்துறை கூடுதல் டோக்கன்கள் வழங்குவது வழக்கம். முழுத்தொகையும் வங்கிக் கணக்கில் சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

வரி

விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்டுவார். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம். 24 மாதங்களுக்கு மேல் கையில் இருந்த வீட்டின் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. 23-7-2024க்கு முன் வாங்கிய வீடு என்றால், உள்நாட்டில் குடியிருக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற கணக்கையும் ஒப்பிட்டு, குறைந்ததைக் கட்டலாம். ஆதாயத்தைக் கொண்டு 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 ஆண்டுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு கோரலாம்.

பொருத்தம்

பத்திரத் தொடர்ச்சி சீராக இருந்து, கையெழுத்திட வேண்டியவர்கள் எல்லாரும் ஒப்பி, வாங்க வருபவரோடு பேச நேரமும் பொறுமையும் இருந்தால், தரகர் இல்லாமலே நல்ல விலைக்கு விற்கலாம். பங்காளித் தகராறு, பட்டாவில் பெயர்க் குழப்பம், நிலுவையில் உள்ள வழக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் அணுக வேண்டியவர் வழக்கறிஞர். உரிமையில் உள்ள குறையைத் தரகராலும் தீர்க்க முடியாது.