மொழியே புரியாமல் ஹிட் ஆன பாட்டு: யார் இந்த 'கேப்பர்கெய்லி' இசைக்குழு?

1992-ம் ஆண்டு பிரிட்டன் பாப் சார்ட்டின் முதல் 40 இடங்களுக்குள் ஒரு பாட்டு நுழைந்தது. பெயர் 'கோஷிச் அ ரூன்'. 'நடந்து வா, அன்பே' என்று அர்த்தம். பாட்டின் வயது சுமார் 400 ஆண்டுகள். அது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பாட்டு. அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஸ்காட்லாந்தில் அந்த மொழி பேசத் தெரிந்தவர்கள் சுமார் 66,000 பேர்தான். அந்த மொழியில் ஒரு பாட்டு டாப் 40-க்குள் போனது அதுவே முதல்முறை.

பாடியது 'கேப்பர்கெய்லி' என்ற நாட்டுப்புற இசைக்குழு.

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த குழு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஓபன் என்ற சின்ன துறைமுக ஊர் இருக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்த பசங்க சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த குழு இது. பாடகி கேரன் மேத்திசன். அக்கார்டியனும் கீபோர்டும் டொனால்ட் ஷா. கேரனின் பாட்டி பாரா தீவைச் சேர்ந்தவர். கேலிக் இன்றும் பேசப்படும் மேற்குத் தீவுக் கூட்டத்தில் பாராவும் ஒன்று.

கேப்பர்கெய்லி என்பது ஸ்காட்லாந்து பைன் காடுகளில் வாழும் பெரிய காட்டுக்கோழி. கேலிக்கில் 'காட்டின் குதிரை' என்று பொருள். ஒருமுறை ஸ்காட்லாந்தில் மொத்தமாக அழிந்து, 1837-ல் சுவீடனிலிருந்து திரும்பக் கொண்டுவந்து விடப்பட்ட பறவை. இப்போது மறுபடியும் சில நூறுதான் மிச்சம். தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, பெயர் பொருத்தம் பலம்.

சிறுநீரில் ஊறிய துணியும் பாட்டும்

'கோஷிச் அ ரூன்' ஒரு 'வாக்கிங் சாங்'. காலையில் பார்க்கில் போகிற வாக்கிங் இல்லை, இது வேறு. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதை ஊறவைத்து, அடித்து, இறுக வைக்கும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். ஊறவைத்தது எதில் தெரியுமா? பல நாள் சேர்த்து வைத்த சிறுநீரில். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுக்கும், சாயத்தைப் பிடிக்க வைக்கும்.

பிறகு ஒரு நீளமான பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்காருவார்கள். ஈரத்துணியைப் பலகையில் ஓங்கி அடித்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட வேண்டும். எல்லோர் கையும் ஒரே நேரத்தில் இறங்கணும், இல்லாவிட்டால் வேலை நடக்காது. அதற்குத்தான் பாட்டு. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பல்லவியை வாங்கிப் பாடுவார்கள். துணி எவ்வளவு இறுகியிருக்கிறது, இன்னும் எத்தனை பாட்டு தேவை என்றுதான் கணக்கே. காதல், சண்டை, கடலில் போனவன் திரும்பாத சோகம், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிய கிண்டல் என எல்லாமே இதில் வரும்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. இந்தப் பாட்டுகளில் பல்லவி பெரும்பாலும் அர்த்தம் இல்லாத அசைகள்தான். நம்மூர் 'தன்னானே' மாதிரி. மொழி தெரியாதவர்கூட இரண்டாவது சுற்றில் சேர்ந்து பாடிவிடலாம். தாளமோ ஏற்கெனவே கைகளால் பலகையில் அடிக்கப்பட்டு வந்ததுதான். பலகை இருந்த இடத்தில் டிரம்ஸ், பேஸ் கிட்டார், சிந்தசைசர் வந்து உட்கார்ந்தன. பழைய பாட்டில் நவீன தாளத்தை வலுக்கட்டாயமாகத் திணித்தார்கள் என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன் எல்லாம் குழுவில் அப்படியே இருக்கின்றன. கூடவே பூஸூக்கி என்ற கிரேக்கத் தந்திக்கருவியும் உண்டு. அது 1960-களில்தான் அயர்லாந்து நாட்டுப்புற இசைக்குள் வந்தது. இன்று அதைப் 'பாரம்பரியம்' என்கிறார்கள்!

சினிமாவில் ஒரு சின்ன ஓட்டை

1995-ல் வந்த 'ராப் ராய்' ஹாலிவுட் படத்தில் கேரன் 'ஐலன் டூயின்' பாட்டைப் பாடினார். கடலில் மூழ்கி இறந்த ஆலன் மாரிசன் என்ற கப்பல் தலைவனுக்காக, அவனைக் கல்யாணம் செய்ய இருந்த பெண் பாடிய ஒப்பாரி அது. சம்பவம் நடந்தது 1788-ல். படத்தின் கதை நடப்பதோ 1713-ல். அதாவது பாட்டு பிறப்பதற்கு 75 ஆண்டுகள் முன்னாடி! ஆனால் கேரன் குரலைக் கேட்ட பிறகு யாருக்கும் காலண்டர் பார்க்கத் தோன்றாது.

பாட்டு ஜெயித்தது, மொழி?

1872-ல் ஸ்காட்லாந்தில் கொண்டுவரப்பட்ட கல்விச் சட்டத்தில் கேலிக்குக்கு இடமே இல்லை. தாய்மொழியில் பேசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. கேலிக் வழி ஆரம்பக் கல்வி 1985-ல்தான் தொடங்கியது, கேப்பர்கெய்லி ஆரம்பித்த அடுத்த வருடம்.

2011-ல் கேலிக் பேசுவோர் எண்ணிக்கை 57,000 சொச்சமாக இறங்கியிருந்தது. 2022-ல் 69,701 ஆக ஏறிவிட்டது. நல்ல செய்திதானே என்றால், பாதிதான். கேலிக் பள்ளிகளும் நகரங்களில் புதிதாகக் கற்பவர்களும் எண்ணிக்கையைத் தூக்கியிருக்கிறார்கள். ஆனால் மொழியின் சொந்த வீடான மேற்குத் தீவுகளில், 2011-ல் 52 சதவீதம் பேர் கேலிக் பேசினார்கள். 2022-ல் அது 45 சதவீதம். முதல்முறையாகப் பாதிக்கும் கீழே போய்விட்டது. தீவுகளில் அன்றாடப் பேச்சுமொழி என்ற நிலையே பத்தாண்டுகளில் முடிந்துவிடலாம் என்று, ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலேண்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-லேயே எச்சரித்தார்கள்.

வேலை இல்லை, வீட்டு விலை ஏறிவிட்டது, இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். இதை ஒரு ஃபிடிலும் சிந்தசைசரும் சரிசெய்ய முடியாது. ஆனால் 'இது கிழவிகள் பேசுகிற மொழி' என்ற கூச்சத்தை உடைத்ததில் கேப்பர்கெய்லிக்கும், அவர்களுக்கு முன்பே ஸ்கை தீவிலிருந்து கேலிக் ராக் பாடிய 'ரன்ரிக்' குழுவுக்கும் பங்கு உண்டு. 2003-ல் மார்ட்டின் பென்னட் 'கிரிட்' ஆல்பத்தில் பழைய ஒலிப்பதிவுக் குரல்களையே எலக்ட்ரானிக் பீட்டோடு சேர்த்தார். இந்த வரிசையில் இன்னும் துணிச்சலான வேலை அது.

கேலிக்குக்கு அதிகாரப்பூர்வ மொழி அந்தஸ்து தரும் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025-ல் நிறைவேற்றியது.

பலகையைச் சுற்றி உட்கார்ந்து பாடிய பெண்களின் அசல் குரல்களைக் கேட்க ஆசையா? எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுத் துறை 1951 முதல் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து வைத்திருக்கிறது. 'தோபர் அன் டுவல்சைஸ்' என்ற இணையதளத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டுக் கேளுங்க, கை பலகையில் அடிக்கும் சத்தமும் சேர்ந்து வரும்.