மரை கழன்ற கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள். கார், வேன், ட்ரக்டர் வைத்திருப்பவர்களும் கராஜ் நடத்தும் நானாமாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ஒருவரைப் பார்த்து "அவனுக்கு மரை கழன்டுட்டு" என்று சொன்னால் சண்டை வரும். மரை என்றதும் நம் பக்கத்தில் பலருக்குக் காட்டு மரைதான் ஞாபகத்துக்கு வரும். இது அந்த மரை அல்ல. ஆணியின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஏறும் வரிப்பள்ளம். ஒரு செங்கோண முக்கோணக் கடதாசியை வெட்டிப் பென்சிலில் சுற்றினால் அதன் சாய்ந்த விளிம்பு எப்படி ஏறிப் போகுமோ, அதுதான் மரை. விஞ்ஞானப் புத்தகத்தில் படிக்கும் சாய்தளத்தையே உருளையில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

இப்போது வாகனத்துக்கு அடியில் போவோம். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டைச் சம்ப் என்கிறோம். பழைய ஒயிலை வடிக்க அதில் ஒரு துவாரம், அதை மூட ஒரு ஆணி. ஊரில் அதற்குப் பெயர் சம்ப் நட். பெயர்தான் நட், ஆள் போல்ட். இதிலிருந்து ஒயில் சொட்டத் தொடங்கினால் நாம் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடு." அடுத்த சேர்விஸில் அதைவிடக் கொஞ்சம். ஒருநாள் ஸ்பானர் சும்மா சுற்றும். மரை போய்விட்டது!

ஒயிலைத் தடுப்பது மரை அல்ல. மரை என்பது சுற்றிச் சுற்றி வெளியே வரும் ஒரு பாதை. அதன் இடைவெளி வழியாக ஒயில் மெதுவாக ஏறி வந்துவிடும். தடுப்பது போல்ட்டின் தலைக்கும் சம்ப்புக்கும் நடுவில் நசுங்கி நிற்கும் வாசர். அது செம்பாகவோ அலுமினியமாகவோ ஃபைபராகவோ இருக்கும். மரையின் வேலை தலையை இழுத்துப் பிடித்து அந்த வாசரை நசுக்குவது மட்டும்தான். ஒருமுறை நசுங்கிய வாசர் அடுத்தமுறை அதே மாதிரி நசுங்காது. புது வாசருக்குச் செலவாவது மிகச் சொற்பம். அதைப் போடாமல் பழையதையே வைத்து பலத்தைக் கூட்டுவதால்தான் மரை போகிறது.

ஆனால் மரை போவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஏறத்தாழ 180 வருட வரலாறு இருக்கிறது. தொலைந்த சம்ப் நட்டுக்குப் பதிலாகக் கராஜ் தகர டப்பாவைக் கிளறி, "இது சரி வரும் போல" என்று ஒரு போல்ட்டை எடுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சுற்று ஏறும். பிறகு இறுகும். பிறகு பைப் போட்டு இறுக்குவார்கள். ஏன் எல்லா போல்ட்டும் ஒரே மாதிரி இல்லை? இன்றைய பதிவு அதைப் பற்றியதுதான்.

1800ஆம் ஆண்டளவில் லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி என்பவர் திருத்தமாக மரை வெட்டும் லேத் ஒன்றைச் செய்து பாவனைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன் பெரும்பாலான போல்ட்டும் நட்டும் சோடி சோடியாகத்தான் பொருந்தின. ஒன்று தொலைந்தால் மற்றது வீண். மோட்ஸ்லிக்குப் பிறகும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படியே மரை வெட்டியது.

அவரிடம் வேலை பழகியவர்களில் ஒருவர் ஜோசப் விட்வேர்த். பிறகு மன்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார். பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேர்த்து, அளந்து, எல்லாவற்றுக்கும் நடுவான ஓர் அளவைத் தெரிவு செய்தார். 1841இல் அதை லண்டன் சிவில் பொறியியலாளர் நிறுவகத்தின் முன் வைத்தார். மரையின் இரு பக்கங்களுக்கும் இடையிலான கோணம் 55 பாகை, மேட்டின் நுனியும் பள்ளத்தின் அடியும் வளைவு, இந்தப் பருமனுக்கு ஓர் இஞ்சிக்கு இத்தனை மரை என்ற அட்டவணை. "என்னுடையதுதான் சிறந்தது, எல்லோரும் மாறுங்கள்" என்று அவர் நிற்கவில்லை. ஏற்கனவே புழக்கத்தில் இருந்தவற்றின் சராசரியை எடுத்தார். அதனால்தான் எடுபட்டது என்பது என் கருத்து.

அதன் பலன் 1850களில் கிரைமியப் போரில் தெரிந்தது. பீரங்கிப் படகுகளுக்கு 90 நீராவி எஞ்சின்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஜோன் பென் என்ற எஞ்சின் தயாரிப்பாளர், செய்து முடித்த எஞ்சின்களைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு பட்டறைக்கு மாதிரியாக அனுப்பினார். 90 நாட்களில் வேலை முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. எல்லோரும் ஒரே மரை வெட்டியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், விட்வேர்த்தின் வளைந்த நுனியை வெட்டத் திறமையான ஆள் வேண்டும், பல கருவி வேண்டும், சாதாரண தொழிலாளிக்கு அது கஷ்டம் என்று வாதாடினார். அவர் சொன்ன மரைக்குக் கோணம் 60 பாகை, நுனி தட்டை. கணிதம் படிப்பிப்பவர்களுக்கு 60 பாகை என்றதும் சமபக்க முக்கோணம் ஞாபகம் வரும். வரைவதும் சோதிப்பதும் லேசு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஐரோப்பாவில் மீற்றர் அளவுக்குப் பழகிய பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து நாடுகளின் பொறியியலாளர்கள் 1898இல் சூரிச்சில் கூடி மில்லிமீற்றர் மரையை ஒழுங்குபடுத்தினார்கள். கோணம் 60. ஆக உலகத்தில் மூன்று குடும்பம்.

இவற்றில் இரண்டு கலந்த ஒரு வேடிக்கையும் உண்டு. பிரான்ஸின் ஹொட்ச்கிஸ் ஆயுதக் கம்பனி முதலாம் உலகப் போரில் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டது. போர் முடிந்ததும் மொரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்யத் தொடங்கியது. மெஷின்கள் மில்லிமீற்றர் மரை வெட்டுபவை. கார் வாங்குபவரோ ஆங்கிலேயர், கையில் இருப்பது விட்வேர்த் ஸ்பானர். என்ன செய்தார்கள் தெரியுமா? மரை மில்லிமீற்றரில், தலை விட்வேர்த் அளவில்! 1923இல் மொரிஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கிய பிறகும் இந்தக் கலப்பு 1950கள் வரை தொடர்ந்தது. தலையைப் பார்த்து மரையை முடிவு செய்தவன் பாடு அதோகதி.

வேடிக்கை இல்லாத கதையும் இருக்கிறது. 1904 பெப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தது. வொஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்ந்தன. ஆட்கள் இருந்தார்கள், தண்ணீரும் இருந்தது. ஆனால் வந்தவர்களில் பலரின் குழாய் முனை அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் ஏறவில்லை. மரை வேறு. சுமார் 1,500 கட்டடங்கள் எரிந்தன. பிறகு ஆராய்ந்தபோது அந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட வகைத் தீயணைப்புக் குழாய் இணைப்புகள் இருந்தது தெரிய வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ் ரொய்ஸின் மேர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பக்கார்ட் கார்க் கம்பனி செய்ய ஒப்புக்கொண்டது. அந்த எஞ்சின் முழுவதும் பிரிட்டிஷ் மரை. அதை வெட்டும் கருவிகள் அமெரிக்கச் சந்தையில் இல்லை. பக்கார்ட் முதலில் அந்தக் கருவிகளையே செய்ய வேண்டியிருந்தது. போர் முடிவதற்குள் 55,000க்கும் மேற்பட்ட எஞ்சின்களைச் செய்து கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் பேச்சுவார்த்தை. 1948 நவம்பர் 18இல் வொஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒப்பந்தம் செய்தன. கோணம் அமெரிக்காவின் 60. பள்ளத்தின் அடி பிரிட்டன் விரும்பியது போல வளைவு. ஒருங்கிணைந்த மரை என்று அதற்குப் பெயர். கராஜில் யூ.என்.எஃப், யூ.என்.சி என்பது இதுதான். 1948 நமக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம். மொரிஸ் மைனர் முதன்முதலில் காட்சிக்கு வந்ததும் அதே வருட ஒக்டோபரில். அடுத்த பல வருடங்கள் நம் நாட்டு வீதிகளில் வைத்தியரும் தலைமை ஆசிரியரும் ஓடிய கார் அது.

இதற்கு முந்திய வருடம், 1947இல், சர்வதேச தர நிர்ணய அமைப்பு (ஐ.எஸ்.ஓ) வேலை தொடங்கியது. அதன் தொழில்நுட்பக் குழுக்களில் 1ஆம் இலக்கம் எதற்குத் தெரியுமா? திருகாணி மரைக்கு. உலக நாடுகள் கூடிப் பேச எத்தனையோ விஷயம் இருக்க, முதல் இலக்கம் இதற்குப் போனது. 1965இல் பிரிட்டனே விட்வேர்த்தைக் கைவிட்டு மில்லிமீற்றருக்குப் போகும்படி தன் கைத்தொழில்களுக்குச் சொன்னது.

கடதாசியில் கைவிட்டார்கள். கராஜில் முடியுமா?

இங்குதான் நம் நாட்டுக் கதை வருகிறது. ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் எல்லாம் இஞ்சி மரையோடு வந்தன. வயலில் ஓடிய மெஸி பெர்குஸன் ட்ரக்டரும் அப்படித்தான். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, ஜப்பான் வாகனங்கள் மில்லிமீற்றர் மரையோடு வந்து குவிந்தன. பழையது போகவில்லை, புதியது மேலே வந்து சேர்ந்தது. ஒரே கராஜின் ஒரே தகர டப்பாவில் நாலு வகை மரை. ஸ்பானரிலும் குழப்பம்: விட்வேர்த் ஸ்பானரில் அரை இஞ்சி என்று இருந்தால் அது போல்ட்டின் தண்டு அளவு. மற்ற இஞ்சி ஸ்பானரில் அரை இஞ்சி என்றால் அது தலையின் அகலம். ஒரே எழுத்து, இரண்டு பருமன். எழுத்து வாசிக்கத் தெரியாத பழைய பாஸ்மார் இதைக் கையால் தொட்டே பிரித்தார்கள். அந்தத் திறமைக்கு நாம் ஒருநாளும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

சம்ப் நட்டில் இது எப்படி விளையாடுகிறது பாருங்கள். பல ரொயோட்டா, நிஸான் கார்களில் அது 12 மில்லிமீற்றர் தண்டு, மரைக்கு மரை 1.25 மில்லிமீற்றர். அரை இஞ்சி யூ.என்.எஃப் போல்ட்டின் தண்டு 12.7. ஓர் இஞ்சிக்கு 20 மரை, அதாவது மரைக்கு மரை 1.27 மில்லிமீற்றர். வித்தியாசம் வெறும் 0.02! அதனால்தான் தேய்ந்துபோன ஜப்பான் துவாரத்தில் பழைய இஞ்சி போல்ட் "சரி வரும் போல" ஏறுகிறது. ஏறும்போது அது பொருந்தவில்லை, வெட்டுகிறது. உரிய டெப் போட்டு அரை இஞ்சிக்கு ஒழுங்காக மரை வெட்டினால் அது நல்ல திருத்தம்தான், தெரிந்த மெக்கானிக்குகள் செய்வார்கள். பைப் போட்டு முறுக்கி ஏற்றினால் அது நாசம். சம்ப் அலுமினியமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பைப்பின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிறிய கார்களின் சம்ப் நட்டுக்குக் கம்பனி சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் 35 முதல் 40 நியூட்டன் மீற்றர். 20 சென்ரிமீற்றர் ஸ்பானரின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ பலம். அதே பலத்தை 60 சென்ரிமீற்றர் பைப்பின் நுனியில் கொடுத்தால் மூன்று மடங்கு, 120 நியூட்டன் மீற்றர். தரம் 10 பிள்ளைகள் செய்யும் திருப்பக் கணக்கு. அந்த மூன்று மடங்கில் போவது உங்கள் மரை.

ஆகவே சொட்டுகிறது என்றால் முதலில் ஒயிலை வடித்து, போல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மரையில் பளபளக்கும் அலுமினியத் துகள் ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் சம்ப்பின் முகத்தைத் துடைத்து, புது வாசர் போட்டு, விரலால் பல சுற்று ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானர். விரலால் ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒன்றில் கோணலாகப் போகிறது, அல்லது அது வேறு குடும்பத்து போல்ட். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றுகிறார்கள், வேண்டாம். அதன் துண்டு உள்ளே போய் ஒயில் உறிஞ்சும் வலையில் சிக்கலாம்.

மரை உண்மையிலேயே போயிருந்தால் ஹெலிகொயில் என்ற சுருள் கம்பி போடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான எஞ்சின்களின் மெல்லிய அலுமினிய உடலைக் காப்பாற்றப் பரவலாகப் பாவித்தது அதுதான். துவாரத்தைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருளை ஏற்றினால் பழைய அளவு போல்ட்டையே போடலாம். சம்ப்பைக் கழற்றி வைத்துச் செய்வதுதான் நல்லது, துகள் உள்ளே விழாது. தகட்டுச் சம்ப் என்றால் மாற்றுவதே சில நேரம் மலிவு.

உங்கள் பழைய வாகனத்துக்கு எந்த மரை என்று தெரியாவிட்டால், மரை அளக்கும் கேஜ் உள்ள லேத் பட்டறை ஒன்றுக்குப் போல்ட்டைக் கொண்டு போங்கள். ஒரு நிமிட வேலை. மொரிஸோ ஒஸ்டினோ மெஸியோ வைத்திருந்த வாப்பாமார், அப்பாமார் வீட்டில் இருந்தால் அவர்களின் ஸ்பானர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். விட்வேர்த் ஸ்பானர் இன்னும் யார் வீட்டில் இருக்கிறது என்று அறிய ஆசை.