விளிம்பெழுத்தும் மேலெல்லையும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் பகுதி நெகட்டிவ்களின் காலக்கணிப்பு பற்றி ஒரு மறுப்பு

தேதி எழுதப்படாத ஸ்டுடியோ நெகட்டிவ் கைக்கு வந்தால் பட்டியலிடுபவர் முதலில் பார்ப்பது அதன் விளிம்பை. அங்கே உற்பத்தியாளர் பெயரோ குறியோ இருக்கும். அந்த ஃபிலிம் சந்தைக்கு வந்த ஆண்டைக் கீழெல்லையாகவும், உற்பத்தி நின்ற ஆண்டை மேலெல்லையாகவும் கொண்டு, இடைப்பட்ட காலத்தைப் படத்தின் காலம் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. கீழெல்லையில் எனக்குப் பிணக்கில்லை. செய்யப்படாத ஃபிலிமில் யாரும் படமெடுத்துவிட முடியாது. மேலெல்லைக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். சமவெளியில் எடுத்த திருமணப் படங்களில் இப்பிழை பெரிய சேதம் விளைவிப்பதில்லை. மலைமக்களின் படங்களில் அது வரலாற்றையே இடம் மாற்றிவிடுகிறது.

ஒரு நெகட்டிவை எண்ணிக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் அதன் கூறு ஒவ்வொன்றும் களத்தில் எதிர்ப்படக்கூடியது. 120 ரோலிலிருந்து வெட்டிய துண்டு. விளிம்பில் உதகை ஃபிலிம் ஆலையின் ‘இந்து’ என்ற வணிகப் பெயர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, முதியவரும் இரு பெண்களுமாக, ஸ்டுடியோ பெஞ்சில் அமர்ந்திருக்கிறது. உறையில் ‘கள்ளக்குறிச்சி, தெ.ஆ. மாவட்டம்’ என்ற ரப்பர் முத்திரை. நடப்பிலுள்ள முறை இதை எப்படி வாசிக்கும்? உதகையில் உற்பத்தி தொடங்கியது 1967. முத்திரையின் ‘தெ.ஆ.’வான தென்னார்க்காடு பிரிந்தது 1993. மலையில் ஜாகீர் நிர்வாகம், அதாவது பரம்பரை ஜாகீர்தார்களின் ஆட்சி, முடிந்தது 1976. உடை பழையது, முகங்களில் கேமராப் பழக்கம் இல்லை. ஆகவே ‘1967–76, ஜாகீர்க் காலம்’. வழுக்கிக்கொண்டு போகும் இந்த அனுமானத்தில் உறுதியான படி முதலாவது மட்டுமே.

விளிம்பெழுத்தையே எடுத்துக்கொள்வோம். அது எமல்ஷன் பூசும்போது தானாக விளைவதில்லை. அகன்ற பெருஞ்சுருளை வெட்டித் துளையிட்டுக் கட்டும் இறுதிக் கட்டத்தில் ஒளியால் பதிக்கப்படுவது அது. பெருஞ்சுருள் ஓரிடத்தில் பூசப்பட்டு, வேறோர் ஆண்டில், வேறோர் ஊரில் வெட்டப்படலாம். ஒருவர் பூசியதை இன்னொருவர் தம் பெயரில் கட்டி விற்பதும் இத்தொழிலில் உண்டு. கோடாக் தன் ஃபிலிம்களில் வட்டம், சதுரம், முக்கோணம் எனக் குறியிட்டு ஆண்டைக் காட்டியது உண்மை. ஆனால் அதே குறிகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் சுழற்சி உடையவை. தகட்டு ஃபிலிமின் மூலையிலுள்ள வெட்டுக் குறிகள் எமல்ஷன் வகையைச் சொல்லுமே தவிர ஆண்டைச் சொல்லா. இந்தத் தொழில்நுட்ப விவரங்கள் தெரியாதவையல்ல. பட்டியல் எழுதும் நேரத்தில் ஒதுக்கி வைக்கப்படுகின்றன.

இனி ‘உற்பத்தி நின்ற ஆண்டு’. உதகையின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் பதிவானது 1960 நவம்பரில். பிரெஞ்சு நிறுவனமான போஷேயின் தொழில்நுட்ப உதவியோடு, தூசு குறைந்த குளிர்ந்த காற்றை நம்பி மலைமேல் அமைந்த ஆலை அது. ஸ்டுடியோ ரோல், புரோமைடு காகிதம், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் என அனைத்தும் அங்கிருந்து வந்தன. அந்த ஆலை எப்போது நின்றது? 1990களின் நடுவில் நலிவுற்ற நிறுவனமென அறிவிக்கப்பட்டதையா, 2003இல் கலைத்துவிடலாம் என்று தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியம் பரிந்துரைத்ததையா, 2014இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததையா, எதை முடிவாகக் கொள்வது? இவை கடனையும் ஊழியரையும் சட்டத்தையும் பற்றிய தேதிகள். பூச்சு இயந்திரத்தில் கடைசி ரோல் ஓடிய நாளைப் பற்றி இவற்றில் ஒன்றும் பேசவில்லை. இவற்றுள் வசதியான ஒன்றை எடுத்து மேலெல்லை ஆக்குவது, ஆள் இறந்த நாளைச் சொத்து வழக்கின் தீர்ப்புத் தேதியிலிருந்து ஊகிப்பது போன்றது.

அந்தக் கடைசி ரோலின் நாள் ஒருநாள் துல்லியமாகத் தெரியவந்தாலும் நம் நெகட்டிவுக்கு மேலெல்லை கிடைத்துவிடாது. பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம். அது வேதியியல் விதியன்று. கறுப்பு வெள்ளை ரோல் காலாவதிக்குப் பிறகு சற்று மங்கும், வேகம் குறையும், அடித்தளத்தில் மூட்டம் ஏறும். குளிர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டு தாங்கும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு அந்தத் தரம் தாராளம். 1980களின் பிற்பகுதியிலிருந்து சிற்றூர்த் திருமணங்களைக் கலர் பிடித்துக்கொண்டபோது, ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைக்கு எஞ்சியது விண்ணப்பப் படமும் அடையாளப் படமும்தான். மலிவான வேலைக்கு மிச்ச ரோல் என்பது எந்த ஸ்டுடியோக்காரரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. சினிமா ஃபிலிமின் மிச்சத் துண்டுகளைச் சுருட்டி ஸ்டில் கேமராவில் ஏற்றும் வழக்கமும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

வாதத்தின் நடு அச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு ஃபிலிம் வகையின் வாழ்நாளை முடித்துவைப்பது உற்பத்தி நிறுத்தமா, கழுவும் வழி அற்றுப்போவதா? கோடக்ரோமை வைத்துப் பார்க்கலாம். அதைக் கைவிடுவதாக கோடாக் அறிவித்தது 2009 ஜூனில். ஆனாலும் மக்கள் அதில் படமெடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குரிய கே-14 முறையில் கழுவிவந்த உலகின் கடைசிக் கூடமான கான்சாஸ் மாநிலத்து டுவேன்ஸ் போட்டோ, 2010 டிசம்பர் 30க்குப் பின் ரோல் வாங்குவதை நிறுத்தியது. நிறங்கள் கழுவும்போது மட்டுமே உள்ளே சேர்க்கப்படும் ஃபிலிம் என்பதால் வீட்டு டார்க் ரூமில் அதன் வண்ணத்தை மீட்கவும் இயலாது. ஆகவே கோடக்ரோம் வண்ணப் படத்துக்கு உண்மையான மேலெல்லை உண்டு. அதைத் தருவது கழுவும் கூடத்தின் தேதி.

கறுப்பு வெள்ளைக்கு அப்படி ஒரு கதவு மூடியதே இல்லை. நெடுங்காலமாக வெளிப்படையாக இருக்கும் டி-76 சூத்திரம் லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம் கேட்கிறது. கூடவே நிலைநிறுத்த ஹைப்போ. வேதிப்பொருள் கடைக்கு வழி தெரிந்த எவரும், எந்த நிறுவனத்தையும் கேட்காமல், மூடிய ஆலையின் ரோலை இன்றும் கழுவலாம். எனவே ‘இந்து’ விளிம்பெழுத்துள்ள நெகட்டிவின் மேலெல்லை, கொள்கையளவில், அது நம் கைக்கு வந்த நாள்தான்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். மூட்டத்தின் அடர்த்தியை அளந்தால் ரோல் எவ்வளவு பழையது என்று தெரியுமே என்பது ஒன்று. படமெடுக்குமுன் ஏறிய மூட்டத்தையும், எடுத்தபின் கழுவாமல் கிடந்தபோது ஏறியதையும், டெவலப்பர் சூட்டால் வந்ததையும் அந்த அளவு பிரித்துக் காட்டாது. கள்ளக்குறிச்சிக் கோடையை அறிந்தவர் இதை வற்புறுத்தமாட்டார். மாவட்ட முத்திரை இருக்கிறதே என்பது மற்றொன்று. கடையின் ரப்பர் முத்திரையும் அச்சடித்த உறைக்கட்டும் அரசாணை வந்த மறுநாள் குப்பைக்குப் போவதில்லை. 1993இல் விழுப்புரம் மாவட்டமும் 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிறந்தபின்னும் பழைய பெயர்கள் தாளில் தங்கியிருக்கும். முத்திரையும் கீழெல்லைக்கே சாட்சி.

நம் நெகட்டிவுக்குத் திரும்பினால், அது 1970 ஆகவும் இருக்கலாம், 1995 ஆகவும் இருக்கலாம். என் சாய்வு பிந்தியதன் பக்கம். மலையிலிருந்து இறங்கி ஸ்டுடியோ படியேற வைத்த காரணங்களில் வலுவானவை அரசு கேட்ட தாள்கள்: சாதிச் சான்று, பள்ளி, வங்கி. ஜாகீர் நிர்வாகத்தின் கீழ் இத்தகைய தேவை குறைவு. மலை நேரடி ஆட்சிக்கு வந்தபின் பெருகியிருக்க வேண்டும். சமவெளிக்காரர் கலருக்குப் போய்விட்ட பிறகு மலைக்காரர் கறுப்பு வெள்ளையில் உட்கார்ந்தார் என்றால், அது விலையின் கதை, மிச்ச ரோலின் கதை. விளிம்பெழுத்து முறை அதைப் பழமையின் கதையாக்குகிறது. சான்றிதழுக்காக வந்த குடிமகன் ஜாகீர்க் காலத்துப் பழங்குடி மாதிரியாகிவிடுகிறார். காலனிய இனவரைவியலாளர் தர்ஸ்டன் காலத்துக் கேமரா மலைமக்களைக் காலத்துக்கு வெளியே நிறுத்தியதைக் கண்டிக்கும் நாம், பட்டியல் அட்டையில் அதையே செய்கிறோம். என் சாய்வை உறுதியாக நிறுவ ஸ்டுடியோ பில் புத்தகங்கள் வேண்டும். ஆனால் நிறுவும் சுமை மேலெல்லை எழுதுபவர் மீதே இருக்கிறது.

இன்றைய சந்தையும் விளிம்பெழுத்து முறையைத் தொடர்ந்து குலைத்துக்கொண்டிருக்கிறது. 2012இல் கைவிடப்பட்ட கோடாக்கின் டி-மேக்ஸ் பி3200 ஃபிலிம், 2018இல் திரும்பியது. எக்டக்ரோமும் அதே 2018இல் திரும்பியது. ஃபியூஜி 2018இல் நிறுத்திய ஏக்ராஸ் மறு ஆண்டே புதிய வடிவில் கடைக்கு வந்தது. ஒருவர் பூசியதை இன்னொருவர் விற்பதும் தொடர்கிறது: சினிஸ்டில் விற்கும் 800டி, கோடாக்கின் விஷன்3 சினிமா ஃபிலிமிலிருந்து கரிப்பூச்சை நீக்கி உருவானது. ‘நிறுத்தம்’ என்ற அறிவிப்பு இப்போது விற்பனைத் துறையின் நடப்பு முடிவு, அவ்வளவே. ஃபிலிமின் எதிர்காலம் பற்றிய இரங்கற்பாக்கள் பெரும்பாலும் இந்த அறிவிப்புகளை எண்ணியே எழுதப்படுகின்றன. சிற்றூரில் ஹைப்போ கிடைக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் தமிழ் ஸ்டுடியோப் படங்களை எண்மப்படுத்தியபின், இத்தகைய சேகரங்கள் இன்னும் பெருகும். அவற்றின் அட்டையில் ‘காலம்’ என்ற ஒரே கட்டத்துக்குப் பதிலாக மூன்று வேண்டும்: ஃபிலிம் கட்டப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, கழுவப்பட்டது. நம் வெள்ளிமலைக் குடும்பத்துக்கு முதற்கட்டத்தில் ‘1967 அல்லது அதன்பின்’ என்று எழுதலாம். மற்ற இரண்டையும் பில் புத்தகமோ குடும்பத்தாரோ பேசும்வரை காலியாக விட வேண்டும்.