எந்தக் கட்டத்திலும் வராத பிள்ளைகள்

1884-இல் வத்தலக்குண்டில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, வீட்டு வறுமையால் சிறுவயதிலேயே திருவனந்தபுரம் போனார். அங்கே ஊட்டுப்புரை என்னும் அன்னசத்திரத்தில் இலவசமாகச் சாப்பிட்டுப் படித்தார். ஊரைவிட்டுக் கிளம்பிய பையனுக்கு இலை போட அன்றைக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அது யாருக்கு இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஊட்டுப்புரைப் பந்தி பிராமணர்களுக்கானது. இதே வத்தலக்குண்டிலிருந்து ஒரு தலித் பையன் போயிருந்தால் வாசலைத் தாண்டியிருக்க முடியாது. அந்தக் காலத்தைப் புகழ நான் வரவில்லை. ஆனால் உள்ளே விடப்பட்டவனுக்கு முதலில் கிடைத்தது சோறு. பின்னால் வந்த அரசு ஏற்பாட்டில், வீடில்லாத பையன் முதலில் பார்த்தது போலீஸ்காரரை.

இந்தியாவின் முதல் சிறார் சட்டம் 1920-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயமே. ஆனால் குற்றம் செய்த சிறுவனையும், வீடில்லாமல் திரிந்த சிறுவனையும் அது ஒரே நீதிமன்ற வாசலில் நிறுத்தியது. இன்னொரு பக்கம், 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியையே குற்றமாக்கியிருந்தது. உயிரை விட முயன்ற பையன் யாரிடமாவது வாய்திறந்தால், அதற்கும் பதில் போலீஸ்தான். 2017-இன் மனநலச் சட்டம் வந்துதான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றது. வீடற்ற இளைஞனின் உயிர் ஆபத்து நம் ஊரில் ஏறக்குறைய நூறாண்டு காவல்நிலைய விவகாரமாகவே கிடந்தது. அதனால்தான் அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் வாதம்.

கொரோனா அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் பஸ்கள் நின்றன. மறுநாள் நாடே அடைந்தது. கொடைக்கானல் சாலையும் பெரியகுளம் சாலையும் பிரிகிற வத்தலக்குண்டு போன்ற ஊர்களில், டீக்கடையில் கிளாஸ் கழுவி, இரவில் அதே கடை பெஞ்சில் படுக்கும் பையனுக்குக் கடை மூடினால் சம்பளம் மட்டும் போவதில்லை. சாப்பாடும் படுக்கையும் சேர்ந்தே போகும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2019-இல் தற்கொலையில் இறந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் 9,613 பேர். 2020-இல் 11,396 பேர். அந்த அட்டவணையில் மாணவர், தினக்கூலி, வேலையில்லாதவர், மணமானவர், மணமாகாதவர் என்று கட்டங்கள் உண்டு. வீடற்றவர் என்றொரு கட்டம் இல்லை.

அப்படியானால் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்த பிள்ளைகள்தானே, வீடற்றவர்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அந்த 11,396 பேரில் 4,006 பேருக்குக் காரணமாகப் பதிவானது குடும்பப் பிரச்சினை. பிள்ளைகள் வீட்டைவிட்டு ஓடுவதும் பெரும்பாலும் அதே பிரச்சினையால்தான். ஓடிவந்தவன் அந்தக் காயத்தைத் தன்னோடு கொண்டுவருகிறான். தெருவில் பசியும் அடியும் அதன்மேல் சேர்கின்றன. தெருவில் வாழும் இளையோரிடம் தற்கொலை முயற்சி மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்லிவிட்டன. அரசு காப்பகம் திறந்ததே என்றும் சொல்வார்கள். பெருநகரங்களில் திறந்தது, சோறும் போட்டது; மறுக்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம். வத்தலக்குண்டு ஒரு பேரூராட்சி; லட்சம் பேருக்கு எங்கே போவது?

2015-இன் சிறார் நீதிச் சட்டம் வீடில்லாத பிள்ளையைப் பாதுகாப்பு தேவைப்படுபவன் என்கிறது; வயது வரம்பும் 18. ஏட்டில் பழைய தவறு திருத்தப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது அட்டவணையில் ஒரு கட்டமும், பேரூராட்சிக்கு ஓர் அறையும். அதுவரை, பஸ் ஸ்டாண்டில் தனியாகத் திரியும் பிள்ளையைப் பார்த்தால் ஊர் பேரைக் கேட்கும் முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்; 1098-க்குச் சொல்லுங்கள். உயிரை வெறுத்துப் பேசுகிறவர் எந்த வயதினரானாலும் 104, 14416 இரண்டும் இரவிலும் எடுக்கப்படும்.