காம்பனிலே ஜைகான்டியம்

காம்பனிலே ஜைகான்டியம் (லமார்க், 1804) என்பது இயோசீன் காலத்தில் வாழ்ந்து அற்றுப்போன ஒரு பெருங்கடல் நத்தை இனம். பிரான்சின் பாரிஸ் வடிநிலப் பகுதியில், ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த லூட்டீஷியன் அடுக்குகளில் இதன் ஓடுகள் கிடைக்கின்றன. உயர்ந்த கோபுரம்போல் சுருண்டெழும் இவ்வோடுகளில் 40 செ.மீ.க்கு மேல் நீண்டவை பல. நத்தையினங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய இதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்பது தீர ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் ஆயின.

பெயரிடல்

பாரிஸ் நகரைக் கட்டிய சுண்ணாம்புக் கல்லை வெட்டியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். ஓடு கரைந்துபோன பின் கல்லில் எஞ்சிய திருகு வடிவத்தை, பளு தூக்கும் திருகின் பெயரால் ‘வெரேன்’ என்றனர். அவை நிறைந்த அடுக்கு இன்றும் அப்பெயராலேயே சுட்டப்படுகிறது.

அறிவியல் பெயரைத் தந்தவர் ழான் பப்தீஸ்து லமார்க். பாரிஸ் சுற்றுவட்டாரப் புதைபடிவங்களைப் பற்றிய தம் கட்டுரைத் தொடரில் 1804-இல் ‘செரித்தியம் ஜைகான்டியம்’ என்று பெயரிட்டார். செரித்தியம், புரூகியேர் 1789-இல் வகுத்த பேரினம். நீண்ட, கூர்நுனி ஓடுள்ள நத்தைகள் பலவும் அதில் அடங்கின. ஓட்டின் வடிவம் மட்டுமே சான்றாக இருந்த காலத்தில் அது இயல்பான முடிவு.

தனிப் பேரினம்

1884-இல் பால் ஃபிஷரின் மெல்லுடலியியல் கையேட்டில், பேல் என்பவர் முன்வைத்த ‘காம்பனிலே’ என்னும் பெயர் வெளிவந்தது. இத்தாலிய மொழியில் அது மணிக்கோபுரத்தைக் குறிக்கும். 1904-இல் ஆன்றி தூவியே, காம்பனிலிடே என்னும் குடும்பத்தை நிறுவினார். எனினும் செரித்தியத்தின் நெருங்கிய உறவே இது என்ற எண்ணம் நீடித்தது.

உயிருள்ள உறவினர்

புதைபடிவத்தில் ஓடு மட்டுமே எஞ்சும், உடல் எஞ்சுவதில்லை. எனவே, இதன் உண்மையான உறவு எது என்ற கேள்விக்கு விடை தென்மேற்கு ஆஸ்திரேலியக் கடலிலிருந்து வந்தது. அங்கு வாழும் காம்பனிலே இனத்தைக் குவா, கெமார் என்ற இருவர் 1834-இல் செரித்தியம் பேரினத்திலேயே வைத்திருந்தனர். அவர்கள் இட்ட பெயர் முன்பே வேறொன்றுக்கு வழங்கியதால், 1917-இல் டாம் ஐரடேல் அதற்குப் புதுப்பெயர் இட்டார். இன்று அது காம்பனிலே சிம்பாலிகம். இப்பேரினத்தில் உயிரோடு எஞ்சியிருப்பது அது ஒன்றே.

1981-இல் ரிச்சர்ட் ஹூப்ரிக் அதன் உடலமைப்பை விரிவாக ஆராய்ந்து, செரித்தியத்திலிருந்து அது வெகுவாக வேறுபடுவதைக் காட்டினார். 1986-இல் ஜான் ஹீலி அதன் விந்தணுக்களின் நுண்ணமைப்பை ஆராய்ந்தார். அடுத்து வந்த வகைப்பாடுகளில் இந்நத்தைகள் காம்பனிலாய்டியா என்ற தனி மேற்குடும்பம் ஆயின. ஒத்த ஓடு ஒரே மரபுவழிக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அடைப்புக்குறியின் பொருள்

பேரினம் மாறினாலும், லமார்க் தந்த ‘ஜைகான்டியம்’ என்ற இனச்சொல் மாறவில்லை. பெயரிட்டவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தால், அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதுவது விலங்கியல் மரபு. இவ்வினம் பேரினம் மாறியது என்ற செய்தி அந்தச் சிறு குறிகளுக்குள் பதிவாகியுள்ளது.